தொகுப்பு இசைத்தட்டு எந்த ஆண்டு வெளிவந்தது: ஒரு எச்.எம்.வி. தட்டை வைத்து விளக்கம்

தம்பி கேட்ட கேள்வி இதுதான். பினாங்கு ஜெலுத்தோங்கில் தாத்தா வீட்டைக் காலி செய்யும்போது ஒரு எச்.எம்.வி. எல்.பி. (நிறையப் பாட்டு கொள்ளும் பெரிய இசைத்தட்டு) கிடைத்திருக்கிறது. டி.எம்.எஸ்., சுசீலா ஜோடிப் பாடல்கள், பன்னிரண்டு பாட்டு, இந்தியாவில் அச்சானது. அட்டையிலும் ஆண்டு இல்லை, லேபிளிலும் இல்லை. இணையப் பட்டியல் ஒன்றில் 1961 என்று போட்டிருக்கிறது, விற்பனைக்கு வைத்திருக்கும் ஒருவர் 1975 என்கிறார், மாமாவோ இங்கே மலேசியாவில் 1969இல் நடந்த மே 13 கலவரத்துக்கு முன்னாலேயே இந்தத் தட்டு வீட்டில் ஓடியது என்று சத்தியம் செய்கிறார். மூன்றில் எது சரி?

மூன்றுமே சரியில்லை. நீங்கள் அனுப்பிய படங்களை வைத்துப் பார்த்தால் 1971 நடுவிலிருந்து 1972 முடிவதற்குள் வெளிவந்த தட்டு இது. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தாத்தா வீட்டில் இன்னும் ஒரு பெட்டி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கும் இதே வழிதான் உதவும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு தொகுப்புத் தட்டுக்கு ஒரே ஒரு தேதி கிடையாது. பாட்டு ஒலிப்பதிவான தேதி ஒன்று, அந்தப் பாட்டு முதன்முதலில் தட்டாக வந்த தேதி ஒன்று, தொகுப்பு வெளிவந்த தேதி ஒன்று, உங்கள் கையில் இருக்கும் இந்தப் பிரதி அச்சான தேதி இன்னொன்று. தியாகராஜ பாகவதர் தொகுப்பு எல்.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். ஹரிதாஸ் படம் 1944. அந்தப் பாட்டுகள் முதலில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் 78 சுற்றுத் தட்டுகளில் வந்தவை. எல்.பி. என்ற வடிவத்தை அமெரிக்காவில் கொலம்பியா அறிமுகப்படுத்தியதே 1948இல்தான். அப்படியிருக்க, பாகவதர் எல்.பி.க்கு நேராக 1944 என்று போட்டு விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் நம்பி வாங்குகிறார்கள். உங்கள் தட்டுக்கு 1961 என்று போட்டவரும் இதையேதான் செய்திருக்கிறார். முதல் பக்கத்தின் முதல் பாட்டு பாலும் பழமும், அது 1961 படம், அந்த ஆண்டை அப்படியே தூக்கி வைத்துவிட்டார். அந்த இணையப் பட்டியல்களில் ஆண்டை நிரப்புவது நம்மைப் போன்ற ஆட்கள்தான். ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்துப் போட, பத்து இடத்தில் ஒரே ஆண்டு வந்துவிடுகிறது. பத்து இடத்தில் இருப்பதால் அது பத்து சாட்சியாகிவிடாது.

தொகுப்புக்கு முதல் வேலை கடைசிப் பாட்டைத் தேடுவது. தட்டில் கடைசியாக ஓடும் பாட்டைச் சொல்லவில்லை, இருக்கிற பன்னிரண்டில் எது கடைசியாக வெளிவந்த படத்திலிருந்து வருகிறது என்பதைத்தான். உங்கள் பட்டியலில் பாலும் பழமும் 1961, கர்ணன் 1964, ஆயிரத்தில் ஒருவன் 1965, அன்பே வா 1966 என்று போய், இரண்டாம் பக்கத்தில் நாலாவதாக சிவந்த மண் இருக்கிறது. சிவந்த மண் 1969 தீபாவளிக்கு வந்த படம். படத்துக்குச் சில வாரமோ சில மாதமோ முன்னாலேயே பாட்டுத் தட்டு கடைக்கு வருவது வழக்கம்தான், ஆனால் அதெல்லாம் அந்தப் படத்துக்கென்றே வரும் நாலு பாட்டு இ.பி. தட்டுகள். படமே வராத நிலையில் ஒரு பாட்டை எட்டு வருடப் பழைய பாட்டுகளோடு சேர்த்து ‘சிறந்த ஜோடிப் பாடல்கள்’ என்று தொகுப்பு போட மாட்டார்கள். பாட்டு ஓடி, ரேடியோவில் நேயர்கள் கேட்டு, மக்களுக்குப் பழகிய பிறகுதான் தொகுப்புக்குள் நுழையும். ஆகவே இந்தத் தட்டு 1969 நவம்பருக்கு முன்னால் இருந்திருக்கவே முடியாது.

இங்கேதான் மாமா சொல்வது இடிக்கிறது. மே 13 என்றால் 1969 மே, படம் வருவதற்கு ஆறு மாதம் முன்னால். மாமா பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்பே வா, ஆயிரத்தில் ஒருவன் பாட்டெல்லாம் இ.பி.யாக அந்த வீட்டில் நிச்சயம் இருந்திருக்கும், ரேடியோவிலும் நாள் தவறாமல் ஓடியிருக்கும். மாமா மனதில் தங்கியிருப்பது பாட்டு. எந்தத் தட்டிலிருந்து கேட்டோம் என்பது நாற்பது, ஐம்பது வருடம் கழித்து யாருக்கும் பிரித்துச் சொல்ல வராது. பெட்டியில் இ.பி. தட்டுகள் இருந்தால் அவரிடம் காட்டிப் பாருங்கள், அவர் சொன்ன தட்டு அதில் இருக்கலாம்.

அடுத்து லேபிள். ஓரத்தைச் சுற்றி ஓடும் சின்ன எழுத்தைப் படித்தீர்களா? உங்கள் படத்தில் தி கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா லிமிடெட் என்று தெரிகிறது, ‘பிரைவேட்’ என்ற சொல் இல்லை. இந்த நிறுவனம் 1946இல் இந்தியாவில் பிரைவேட் நிறுவனமாகப் பதிவானது, 1968இல் பப்ளிக் லிமிடெட் நிறுவனமாக மாறியது. லேபிளில் பிரைவேட் லிமிடெட் என்று இருந்தால் அந்த அச்சு பெரும்பாலும் 1968க்கு முந்தையது, பிரைவேட் போய்விட்டால் பிந்தையது. ‘பெரும்பாலும்’ என்று சொல்லக் காரணம், அச்சடித்து வைத்த லேபிளையும் அட்டையையும் யாரும் தூக்கிப் போட மாட்டார்கள், தீரும்வரை ஓட்டுவார்கள். அதனால் பெயர் மாறிய ஆண்டையொட்டிய தட்டுகளில் லேபிள் ஒன்று சொல்லும், அட்டை ஒன்று சொல்லும். உங்கள் தட்டில் இரண்டும் ஒரே பெயரைச் சொல்கின்றன, எனவே அந்தக் குழப்பம் இல்லை. இதுவும் 1969 நவம்பர் என்ற கணக்கோடு ஒத்துப் போகிறது, புதிதாக எதையும் குறுக்கிக் கொடுக்கவில்லை.

எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன், ஏஞ்சல் என்று வேறு வேறு லேபிள் பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எல்லாம் ஒரே கூரையின் கீழ் கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சானவை. அதனால்தான் ஒரு படத்தின் பாட்டு முதலில் கொலம்பியாவிலோ ஏஞ்சலிலோ வந்திருந்தாலும், பிறகு எச்.எம்.வி. தொகுப்பில் உரிமைச் சிக்கல் இல்லாமல் உட்கார முடிந்தது. ஆனால் வரிசை எண்ணைப் பார்க்கும்போது இந்தப் பெயர்களைக் கலக்கவே கூடாது, ஒவ்வொன்றுக்கும் முன்னெழுத்தும் எண் வரிசையும் தனித்தனி.

வரிசை எண்தான் இந்த வேலைக்கு முதுகெலும்பு, எனவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன். எச்.எம்.வி. இந்திய எல்.பி.க்களில் மோனோவுக்கு (ஒற்றைத் தட ஒலி) ஈசிஎல்பி, ஸ்டீரியோவுக்கு (இடது, வலது என இரண்டு தட ஒலி) ஈசிஎஸ்டி என்று முன்னெழுத்து வரும், அதன் பின்னால் எண். உங்கள் தட்டின் எண்ணை வைத்துக்கொண்டு அதே முன்னெழுத்தில் அதற்கு முன் பத்து எண், பின் பத்து எண் என்னென்ன தட்டு என்று தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் தொகுப்புகளை ஒரு பக்கமாகத் தள்ளி வையுங்கள், அவற்றுக்கும் உங்கள் தட்டுக்கு இருக்கும் அதே நோய்தான். ஒரே படத்தின் பாட்டுகள் மட்டும் இருக்கும் தட்டுகள்தான் நமக்கு வேண்டிய நங்கூரம், ஏனென்றால் அவை பெரும்பாலும் படத்தை ஒட்டியே வந்திருக்கும். எண் ஏற ஏற படங்களின் ஆண்டும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அந்த வரிசையை நம்பலாம், உங்கள் எண்ணுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் படங்களுக்கு இடையில் உங்கள் தட்டும் வந்திருக்கும்.

ஏறாமல் தாவித் தாவிப் போனால் அவசரப்பட்டு முடிவுக்கு வரக் கூடாது. நிறுவனங்கள் எண்களைக் கட்டுக்கட்டாக ஒதுக்கி வைக்கும். கர்நாடக சங்கீதத்துக்கு ஒரு கட்டு, வங்காளப் பாட்டுக்கு ஒரு கட்டு, தமிழுக்கு ஒரு கட்டு என்று இருந்தால், பக்கத்துப் பக்கத்து எண்கள் ஒரே மாதத்தில் வந்தவையாக இருக்க வேண்டியதில்லை. ஒதுக்கிய எண் சும்மா கிடந்து மறு ஆண்டு பயன்படுத்தப்படுவதும் உண்டு. படம் நன்றாக ஓடிய பிறகு தாமதமாக எல்.பி. போடுவதும் உண்டு, அப்போது அந்த நங்கூரமே நகர்ந்துவிடும். அதனால் ஒரே ஒரு அண்டைத் தட்டை வைத்து ஆண்டு சொல்கிறவர்களை நான் ஏற்றுக்கொள்வதில்லை. குறைந்தது இரண்டு பக்கமும் மூன்று, நாலு தட்டாவது ஒரே கதையைச் சொல்ல வேண்டும். தமிழ்த் தட்டுக்குத் தமிழ்த் தட்டைத்தான் ஒப்பிட வேண்டும்.

இதோடு சேர்த்து, பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு இடையில் இருக்கும் வழவழப்பான வளையத்தைப் பாருங்கள். கைப்பேசி விளக்கைச் சாய்த்து, தட்டுக்குக் கிட்டத்தட்டப் படுக்கைவசமாகப் பிடித்தால் அங்கே எழுத்தும் எண்ணும் தெரியும், சில இடத்தில் அச்சு வைத்தது போலவும் சில இடத்தில் கையால் கீறியது போலவும் இருக்கும். இது மேட்ரிக்ஸ் எண், பாட்டை மூலத் தகட்டில் வெட்டும்போது வைப்பது. லேபிளில் இருக்கும் வரிசை எண் விற்பனைப் பிரிவு கொடுப்பது, இது தொழிற்சாலை கொடுப்பது. அதனால் இரண்டையும் தனித்தனிச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே காலத்தைக் காட்டினால் பலம் கூடுகிறது. நீங்கள் முதல் பக்கத்தை மட்டும்தான் படம் எடுத்திருக்கிறீர்கள், இரண்டாம் பக்கத்தையும் எடுங்கள், இரண்டு பக்கத்து எண்ணும் அடுத்தடுத்து வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

எச்.எம்.வி.யின் தாய் நிறுவனமான ஈ.எம்.ஐ. இங்கிலாந்தில் அச்சடித்த தட்டு பெட்டியில் இருந்தால் (அந்தக் காலத்து ஆங்கிலப் பாட்டு எல்.பி. நிறைய அப்படித்தான் இங்கே வந்தது) இதே வளையத்தில் இன்னொரு வித்தை இருக்கிறது. கிராமஃபோன் லிமிடெட் என்ற பெயரைச் சுருக்கிப் பத்து ஆங்கில எழுத்துகளாக்கி, அவற்றை 1 முதல் 0 வரை எண்களாக வைத்துக்கொண்டார்கள். ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3, இப்படிப் போகும். எத்தனையாவது அச்சுத் தகட்டிலிருந்து உங்கள் பிரதி வந்தது என்பதை அது சொல்லும். ஆண்டைச் சொல்லாது, முன்னதா பின்னதா என்று மட்டும் சொல்லும்.

மோனோ, ஸ்டீரியோ விஷயத்துக்கு வருவோம். உங்கள் தட்டு மோனோ. அறுபதுகளின் தமிழ்ப் படப் பாட்டு மோனோவில்தான் பதிவானது. 1978இல் வந்த ‘பிரியா’ படத்தின் பாட்டுகளைத்தான் தமிழில் முதல் ஸ்டீரியோ என்று பரவலாகச் சொல்வார்கள். அப்புறம் எப்படி பாலும் பழமும் பாட்டு ஸ்டீரியோ என்று போட்ட தட்டில் வருகிறது? பழைய மோனோ பதிவையே எடுத்து, கீழ்சுருதியை ஒரு பக்கமும் மேல்சுருதியை ஒரு பக்கமும் கூட்டிக் குறைத்து மின்னணு முறையில் ஸ்டீரியோ போல ஆக்கியிருப்பார்கள். ஹெட்ஃபோன் போட்டு ஒரு காதை மூடிக் கேட்டால் உடனே தெரிந்துவிடும். ஒரு பக்கம் தபேலாவும் பாஸும் மந்தமாக, மறு பக்கம் குரலும் வயலினும் கீச்சென்று, டி.எம்.எஸ். மட்டும் எங்கே நிற்கிறார் என்றே சொல்ல முடியாது. எனக்கு இந்த வேலை சுத்தமாகப் பிடிக்காது, அந்தக் குரலுக்குச் செய்த அநியாயம் என்றே சொல்வேன். ஆனால் தேதி பார்க்க உதவும். அறுபதுகளின் பாட்டு ஸ்டீரியோ என்ற பெயரோடு வந்தால் அது பெரும்பாலும் எழுபதுகளின் வேலை. 1975 என்று சொல்லும் அந்த விற்பனையாளரின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், லேபிளின் அமைப்பே உங்களுடையதிலிருந்து வேறாக இருக்கிறது. அட்டை ஒன்றுதான், தட்டு மறு அச்சு. அவர் கையில் இருக்கும் பிரதிக்கு 1975 சரியாகக்கூட இருக்கலாம். தொகுப்பு வெளிவந்த ஆண்டு அது இல்லை.

வட்டத்துக்குள் ‘பி’ என்ற குறி எங்கேயும் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். ஒலிப்பதிவு முதன்முதலில் வெளியான ஆண்டைக் காட்டும் அந்தக் குறி 1961 ரோம் ஒப்பந்தத்தில் வந்தது, 1971 ஜெனீவா ஒப்பந்தம் அதைப் பரவலாக்கியது. ஜெனீவா ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது 1975இல். எனவே எழுபதுகளின் தொடக்கத்து இந்தியத் தட்டில் அது இல்லாமல் இருப்பதில் வியப்பு ஒன்றுமில்லை. பின்னால் வந்த தட்டுகளில் அந்தக் குறியைப் பார்த்தாலும் கவனம் தேவை. அது தொகுப்பின் ஆண்டாகவும் இருக்கலாம், உள்ளே இருக்கும் பழைய பதிவின் ஆண்டாகவும் இருக்கலாம்.

சரி, இதுவரை பார்த்ததெல்லாம் ‘இதற்கு முன்னால் இல்லை’ என்று சொல்கிற சான்றுகள். ‘இதற்குப் பின்னால் இல்லை’ என்று சொல்ல ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். உங்களுக்கு அதிர்ஷ்டம், அட்டையே பேசுகிறது.

பின்னட்டையின் கீழே ‘நீங்கள் விரும்பக்கூடிய மற்ற இசைத்தட்டுகள்’ என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது பாருங்கள். எல்லாரும் விட்டுவிடும் இடம் அது. அதில் கடைசியாக இருக்கும் படம் 1971 மே மாதம் வெளிவந்தது. இந்தத் தட்டின் அட்டை அச்சுக்குப் போனபோது அந்தப் படத்தின் தட்டு விற்பனையில் இருந்தது, அல்லது வரப்போகிறது. ஆக 1969 நவம்பர் என்று இருந்த கீழ் எல்லை ஒரே தாவலில் 1971 நடுவுக்கு வந்துவிட்டது. இது மறு அச்சின் அட்டையாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள், நியாயம்தான். அதற்குத்தான் அதே அட்டையின் வேறு பிரதிகளைத் தேட வேண்டும். இந்தப் பட்டியல் இல்லாமலோ, வேறு பட்டியலோடோ ஒரு அட்டை கிடைத்தால் கணக்கு மாறும். நான் கே.எல்.லில் (கோலாலம்பூரில்) பார்த்த பிரதிகளிலும், விற்பனையாளரின் படத்திலும் இதே பட்டியல்தான்.

பின்னட்டைக் குறிப்பின் தமிழையும் படியுங்கள். எம்.ஜி.ஆரை ‘மக்கள் திலகம்’ என்று எழுதியிருக்கிறது. 1972 அக்டோபரில் அவர் அ.தி.மு.க. தொடங்கிய பிறகு ‘புரட்சித் தலைவர்’ என்பது முன்னுக்கு வந்துவிட்டது. அட்டையில் புரட்சித் தலைவர் இருந்தால் நிச்சயம் அதற்குப் பிந்தையது, மக்கள் திலகம் இருந்தால் எந்தப் பக்கமும் போகலாம், ஏனென்றால் அந்தப் பட்டத்தை யாரும் கைவிடவில்லை. இசையமைப்பாளர் பெயரும் அப்படித்தான். 1965 வரையிலான படங்களுக்கு விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று சேர்த்தும், அன்பே வா முதல் விஸ்வநாதன் என்று தனித்தும் உங்கள் லேபிள் சரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறது. இருவரும் பிரிந்ததே 1965இல்தான்.

எழுத்து வடிவத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு மிகவும் பிடித்த சான்று அது. ‘இணையற்ற’ என்ற சொல்லைப் பெரிதாக்கிப் பாருங்கள். ணை பழைய வடிவில், முன்னால் யானைத் துதிக்கை மாதிரி வளைந்து நிற்கிறது. லை, ளை, னை, ணா, றா, னா எல்லாம் இப்போது நாம் எழுதும் வடிவத்துக்கு வந்தது 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு பிறப்பித்த எழுத்துச் சீர்திருத்த ஆணையால். பெரியாரின் இதழ்கள் 1935 முதலே புது வடிவத்தில் எழுதின, ஆனால் சினிமாப் பாட்டு அட்டை அடித்தவர்கள் அந்த வழியில் போகவில்லை. மலேசியா, சிங்கப்பூரில் அது பழக்கத்துக்கு வந்தது எண்பதுகளில். புது வடிவ ‘லை’ போட்ட ஒரு பாட்டு அட்டையை 1960கள் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பழைய வடிவம் இருந்தால் 1978க்கு முன் என்று அடித்துச் சொல்ல முடியாது, பழைய ஈய எழுத்தை வைத்திருந்த அச்சகங்கள் அதற்கப்புறமும் அதையே ஓட்டின. இந்த வகைச் சான்றெல்லாம் ஒரு பக்கமாக மட்டுமே வேலை செய்யும், அதை மறந்தால் கணக்குத் தப்பும்.

இனி நம் ஊர்ச் சான்று. லேபிளில் நீல மையால் ‘பொங்கல் 1973’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறதே, உங்கள் தாத்தாவாகத்தான் இருக்கும், அதுதான் இந்தத் தட்டிலேயே விலைமதிப்பில்லாத இடம். சேகரிப்பவர்கள் பலர் எழுத்து இருந்தால் தட்டின் மதிப்புக் குறைந்தது என்பார்கள். தேதி பார்க்கிறவனுக்கு அது தங்கம். 1973 ஜனவரி நடுவில் இந்தத் தட்டு பினாங்கில் ஒருவர் கையில் இருந்திருக்கிறது. டம்டம்மில் அச்சாகி, கடைக்கு வந்து, கப்பல் ஏறி, பினாங்கு ஸ்ட்ரீட் கடையில் தொங்கி, பிறகு வாங்கப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு வரும் ரஜூலா கப்பலில் வந்தவர்கள் பெட்டியில் தட்டு கொண்டுவருவதும் உண்டு, கடைக்காரர்கள் மொத்தமாக இறக்குவதும் உண்டு. எப்படி வந்தாலும் சில மாதமாவது கழிக்க வேண்டும். அதனால்தான் 1972 முடிவதற்குள் என்றேன்.

கடை ஸ்டிக்கரைப் பிய்த்துவிடாதீர்கள், பசை மட்டும் கசிந்தால் ஓரத்தில் ஒரு தாள் வைத்தால் போதும். நம் ஊர் ஸ்டிக்கரும் ரப்பர் முத்திரையும் நிறையச் சொல்லும். விலைக்கு முன்னால் ‘ஆர்எம்’ (மலேசிய ரிங்கிட்) என்று இருந்தால் அது 1993க்குப் பிறகு ஒட்டியது. அதற்கு முன்னால் நாம் வெள்ளி என்று சொன்னாலும் அச்சில் டாலர் குறிதான், ஆகவே உங்கள் ஸ்டிக்கரில் இருக்கும் டாலர் குறி எதையும் குறுக்காது. கே.எல். கடை முகவரியில் பத்து ரோடு (Batu Road) என்று இருந்தால் அது பழைய ஸ்டிக்கர், அதே சாலையின் புதுப் பெயரான ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் என்று இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தையது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்று இருந்தால் 1972க்கு முன், அந்த ஆண்டுதான் போர்ட் கிள்ளான் ஆனது. சிங்கப்பூர் முகவரிக்குக் கீழே மலேசியா என்று அச்சாகியிருந்தால் 1963 செப்டம்பர் 16க்கும் 1965 ஆகஸ்ட் 9க்கும் இடையில் அடித்த ஸ்டிக்கர் அது, கிடைப்பது அரிது, கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். ரேடியோ மலாயா முத்திரை குத்திய தட்டு பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையிலோ பெட்டாலிங் ஜெயா ஆம்கோர்ப் மால் சந்தையிலோ கண்ணில் பட்டால், 1963இல் அது ரேடியோ மலேசியா ஆவதற்கு முன் நிலையத்தின் நூலகத்துக்கு வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். பழைய ஸ்டிக்கர் கட்டையும் தீரும்வரை ஒட்டுவார்கள் என்பதை இங்கேயும் நினைவில் வையுங்கள். ஸ்டிக்கர் சொல்வது கடைக்கு வந்த காலத்தைத்தான், வெளியீட்டை இல்லை.

உள்ளுறையை நம்பவே வேண்டாம். உறை கிழிந்தால் கையில் கிடைத்த வேறு உறையில் போட்டு வைப்பது எல்லா வீட்டிலும் நடந்தது.

இவ்வளவையும் தாண்டி, மாதம் வரைக்கும் துல்லியமாக வேண்டும் என்றால் தட்டை விட்டுவிட்டு நாளிதழுக்குப் போக வேண்டும். தட்டில் இருக்கும் எந்தச் சான்றையும்விட, தேதி போட்டு அச்சான விளம்பரத்துக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது, தமிழ் முரசும் அதில் உண்டு. தீபாவளி, பொங்கல் சமயத்து இதழ்களில் இசைத்தட்டுக் கடைகள் ‘புதிய வரவு’ என்று பட்டியல் போட்டு விளம்பரம் செய்வார்கள். பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கும், பரவாயில்லை, உங்களுக்கு எல்லை இப்போது ஒன்றரை வருடம்தான். கே.எல். வரும்போது ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகத்தில் தமிழ் நேசன் பழைய இதழ்களைக் கேளுங்கள். 1924 முதல் 2019 வரை வந்த இதழ் அது, அதைவிட நீளமாக நம் மக்களின் வாங்கல் விற்றல்களைப் பதிந்த தாள் இங்கே வேறில்லை. விளம்பரம் கிடைத்தால்கூட அது இங்கே வந்த தேதிதான், இந்தியாவில் வெளியான மாதத்துக்கு எச்.எம்.வி. கடைகளுக்கு அனுப்பிய மாதாந்திரப் புதுவரவுத் துண்டுப் பட்டியல்கள் வேண்டும். சென்னையில் பழைய தட்டு விற்கும் சிலரிடம் அவை கட்டாக இருக்கின்றன, தட்டை விட்டுவிட்டு அதைக் கேட்டு வாங்குங்கள்.

அதுவரைக்கும் உங்கள் குறிப்பில் ‘1971’ என்றோ ‘1972’ என்றோ ஒற்றை ஆண்டு எழுத வேண்டாம். ‘1971 மே – 1972 இறுதி, பின்னட்டைப் பட்டியல், லேபிளில் பொங்கல் 1973 கையெழுத்து’ என்று காரணத்தோடு எழுதுங்கள். இணையப் பட்டியலில் இருக்கும் 1961ஐத் திருத்தும்போதும் அதே காரணத்தைப் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதமே யாராவது பழையபடி மாற்றிவிடுவார்கள். இரண்டாம் பக்கத்து வளையத்தின் படமும், அதே முன்னெழுத்தில் முன்னும் பின்னும் உங்களுக்குக் கிடைக்கும் எண்களும் அனுப்பினால், ஒன்றரை வருடத்தை இன்னும் குறுக்க முடியுமா என்று சேர்ந்து பார்க்கலாம். பெட்டியில் இருக்கும் இ.பி. தட்டுகளையும் அப்படியே வரிசை எண்ணோடு எழுதி அனுப்புங்கள், அவை ஒவ்வொன்றும் ஒரே படத்தின் பாட்டு என்பதால் நமக்கு நல்ல நங்கூரம்.